அமெரிக்க அரசியல் சாசனத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் சொன்னதில் நியாயம் இருந்ததா?

அரசறிவியல் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. படிக்கிறேன், இந்த செமஸ்டரில் ஒப்பீட்டு அரசியலமைப்பு என்று ஒரு தாள் இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் அமெரிக்கா பகுதி இப்படித்தான் ஓடுகிறது: 1787இல் பிலடெல்பியாவில் பெரிய தலைவர்கள் கூடினார்கள், சாசனம் எழுதினார்கள், ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் பத்திரிகையில் 85 கட்டுரை எழுதி விளக்கினார்கள், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. எதிர்த்தவர்களுக்கு ஒரே ஒரு பத்தி. மாற்றத்தைக் கண்டு பயந்தவர்கள் என்கிற தொனியில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

சாசனத்தை ஏற்பதா என்று முடிவு செய்ய ஒவ்வொரு மாநிலத்திலும் கூடிய மாநாடுகளின் ஓட்டு விவரத்தைத் தேடிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மாசசூசெட்ஸில் ஆதரவு 187, எதிர்ப்பு 168. வர்ஜீனியாவில் 89க்கு 79. நியூயார்க்கில் 30க்கு 27. வட கரோலினா முதல் தடவை கூடியபோது ஏற்கவே மறுத்துவிட்டது. ரோட் ஐலண்ட் 1790 மே வரைக்கும் சேரவே இல்லை, கடைசியில் சேர்ந்ததும் 34க்கு 32 என்ற கணக்கில்தான். ஒரு நாட்டில் இவ்வளவு பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் அவர்களிடம் ஏதோ ஒரு வாதம் இருந்திருக்கத்தானே வேண்டும்?

இரண்டு விஷயம் கேட்கிறேன். 13 மாநிலங்களையும் அதுவரை இணைத்திருந்த பழைய விதிகளைத் திருத்தத்தானே பிலடெல்பியாவுக்கு இவர்களை அனுப்பினார்கள், எப்படிப் புதிதாக ஒன்றை எழுதிவிட்டு 9 மாநிலம் ஏற்றால் போதும் என்று சொல்ல முடிந்தது? இன்னொன்று, எதிர்த்தவர்கள் எதற்காகத்தான் பயந்தார்கள், அதில் எது பலித்தது? படித்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

பழைய ஏடு:

தங்கச்சி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அவர்களுக்குக் கொடுத்த வேலை அது இல்லை. 1787 பிப்ரவரி 21இல் அப்போதைய காங்கிரஸ் போட்ட தீர்மானத்தில், கூட்டமைப்பு விதிகள் என்ற அந்தப் பழைய விதிகளைத் திருத்துவது ஒன்றுதான் நோக்கம் என்று தெளிவாகவே இருக்கிறது. மே 25இல் மாநாடு தொடங்கியது. 29ஆம் தேதியே வர்ஜீனியாக்காரர்கள் முழுத் திட்டத்தோடு வந்துவிட்டார்கள், அவர்களுடைய கவர்னர் ராண்டால்ஃப் எழுந்து முன்வைத்தார். திருத்தம் என்ற பேச்சு அதோடு போயிற்று.

உள்ளே பேசியது எதுவும் வெளியே போகக்கூடாது என்று விதி போட்டுக்கொண்டார்கள், நான்கு மாதம் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். மேடிசன் எழுதி வைத்த விரிவான குறிப்புகள் 1840இல்தான் அச்சில் வந்தன, அதற்குள் அவரே இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அப்படியென்றால் 1788இல் இந்தச் சாசனத்துக்கு ஓட்டுப் போட்ட சாதாரண ஜனங்களுக்கு அந்த அறைக்குள் என்னென்ன பேரம் நடந்தது என்பது தெரியாது. நியூயார்க்கிலிருந்து போன மூன்று பேரில் யேட்ஸ், லான்சிங் இரண்டு பேரும் ஜூலையிலேயே எழுந்து வந்துவிட்டார்கள். இந்த வேலைக்காக எங்களை அனுப்பவில்லை என்பது அவர்கள் வாதம். கடைசி நாள் செப்டம்பர் 17 அன்று அங்கே இருந்துகொண்டே கையெழுத்துப் போட மறுத்தவர்கள் மூன்று பேர்: மாசசூசெட்ஸின் கெரி, வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், அப்புறம் அதே ராண்டால்ஃப்.

9 மாநிலக் கணக்கு இன்னும் மோசம். பழைய விதிப்படி ஒரு வரியை மாற்றவும் 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும். புதுச் சாசனத்தின் ஏழாவது பிரிவு 9 வந்தால் போதும், வந்தவர்களுக்குள் அமலாகும் என்றது. மாற்றப்படும் சட்டத்தின் அனுமதி இல்லாமலே புதுச் சட்டம் தனக்குத் தானே வாசல் திறந்துகொண்டது. காங்கிரஸும் இதை வாழ்த்தி அனுப்பவில்லை. நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் செப்டம்பர் 28 அன்று மாநிலங்களுக்கு அனுப்பி வைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் பிலடெல்பியாவில் நடந்ததைப் பாடப்புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. பென்சில்வேனியா சட்டமன்றம் கலையப் போகிற நேரம். அதற்குள் அவசரமாக ஏற்பு மாநாட்டுக்குத் தேதி குறித்துவிட, சாசனத்தை ஆதரித்த ஃபெடரலிஸ்டுகள் முயன்றார்கள். எதிர்த் தரப்பு உறுப்பினர்கள் கேட்டது அவகாசம், மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜனங்கள் அந்தச் சாசனத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றார்கள். கேட்டது கிடைக்காததால் 19 பேர் அவைக்கே வராமல் இருந்துவிட்டார்கள். கோரத்துக்கு, அதாவது அவை நடக்க, குறைந்தது 46 பேர் வேண்டும், இருந்தது 44. காலையில் ஒரு கூட்டம் போய் அந்த 19 பேரில் இரண்டு பேரை அவர்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து தெருவழியாக இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தது. அதில் மெக்கால்மண்ட் என்பவர் என்னைப் போக விடுங்கள் என்று அவையிலேயே கேட்டார், வாசலை மறித்துக்கொண்டு விடவில்லை. கோரம் 46 ஆயிற்று, தீர்மானம் நிறைவேறியது. "நாங்கள் மக்கள்" என்று தொடங்கும் ஒரு சாசனத்தின் முதல் பெரிய மாநில வெற்றி இந்த வழியில்தான் வந்தது.

துறைமுகம்:

பழைய ஏடு ஐயா சொன்ன சம்பவம் உண்மை, அசிங்கமானதுதான். ஆனால் மறுபக்கத்தையும் இந்தப் பொண்ணு தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் ஏதோ சதி செய்து நாட்டைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பழைய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் இவ்வளவு அனுப்புங்கள் என்று கேட்கலாம், அனுப்பாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பிரான்சிடம் வாங்கிய போர்க்கடனுக்கு வட்டி கட்ட வழியில்லை, போரில் சண்டை போட்டவர்களுக்குக் கொடுத்த கடன் பத்திரங்கள் அடிமாட்டு விலைக்குக் கைமாறின. இறக்குமதிச் சரக்குக்கு ஐந்து சதவீதம் வரி போடலாமா என்று 1781இல் கேட்டார்கள். 12 மாநிலம் சரி என்றது, ரோட் ஐலண்ட் ஒன்று முடியாது என்றது, அதோடு முடிந்தது. இரண்டாவது தடவை வேறு மாதிரி எழுதிக் கொண்டுவந்தார்கள், அதை நியூயார்க் சாகடித்தது, ஏனென்றால் தன் துறைமுகத்தில் விழும் சுங்கப் பணத்தை அது விட்டுத்தரத் தயாராக இல்லை. பக்கத்து கனெக்டிகட், நியூ ஜெர்சி ஜனங்கள் வாங்கும் சரக்குக்கும் சேர்த்துத்தான் அந்தச் சுங்கம், அதையும் மறக்க வேண்டாம்.

சமாதான ஒப்பந்தம் போட்டு வருடங்கள் ஆகியும் டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளை பிரிட்டன் காலி செய்யவில்லை. 1784இல் ஸ்பெயின் மிசிசிபியில் அமெரிக்கப் படகுகள் போகக்கூடாது என்று அடைத்துவிட்டது. 1786 செப்டம்பரில் வணிகப் பிரச்சினை பேச அன்னாபொலிஸில் கூட்டம் போட்டார்கள், வந்தது 5 மாநிலம். அதே குளிர்காலத்தில் மேற்கு மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் நொந்துபோன விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் கோர்ட்டுகளை மூட வைத்து, 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கு வரைக்கும் போய்விட்டார்கள். அந்தக் கிடங்கு காங்கிரஸுடையது, அதைக் காக்கக்கூட காங்கிரஸிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை.

இந்த நிலைமையில் 13 பேரும் சம்மதிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரோட் ஐலண்ட் அந்த மாநாட்டுக்கு ஆளே அனுப்பவில்லை. 1788 மார்ச்சில் நேரடியாக ஜனங்களிடம் ஓட்டுக்கு விட்டது, 2,700 பேருக்கு மேல் எதிர்ப்பு, ஆதரவு சுமார் 240. ஆதரவாளர்கள் பெரும்பாலும் அந்த ஓட்டையே புறக்கணித்தார்கள் என்பது தனிக்கதை. ஒரு சின்ன மாநிலம் மற்ற எல்லோரையும் நிறுத்தி வைக்க முடிகிற விதியை அந்த விதியின்படியே நடந்து மாற்ற முடியாது. மீறல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீறியவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்றே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பத்து மாதம் பத்திரிகையிலும் கள்ளுக்கடையிலும் மாநாட்டிலும் அடித்துக்கொள்ள விட்டார்கள். நியூயார்க்கில் அந்தத் தேர்தலுக்கு மட்டும் சொத்துத் தகுதியையே எடுத்துவிட்டு, வயது வந்த சுதந்திரமான ஆண்கள் எல்லோரும் ஓட்டுப் போடலாம் என்றார்கள். 1787இல் உலகத்தில் வேறு எந்த நாடு தன் அரசாங்கத்தை இப்படி ஜனங்கள் முன்னால் வைத்தது? நம் நாட்டுச் சாசனத்தை 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையே ஏற்றுக்கொண்டது, மாகாணங்களுக்கு ஒப்புதலுக்கு அனுப்பவில்லை. அதற்கு வேறு காரணங்கள் உண்டு, குறை சொல்லவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

கழனிக்காடு:

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் மாணவி கேட்ட இரண்டாவது கேள்வியைத் தொடவே இல்லையே, எதற்காகப் பயந்தார்கள் என்பது.

ஒன்று உரிமைகள். மேசன் செப்டம்பர் 12 அன்றே, கூட்டம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு உரிமைப் பட்டியலை முன்னால் வைக்கலாம், சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். அவையில் இருந்த ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் அவசரம். வெளியே வந்த பிறகு ஜேம்ஸ் வில்சன் பிலடெல்பியாவில் பொதுக்கூட்டத்தில் ஒரு விளக்கம் கொடுத்தார், அதையே எல்லா ஃபெடரலிஸ்டும் திருப்பிச் சொன்னார்கள்: எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் மத்திய அரசுக்கு உண்டு, பத்திரிகையைத் தடுக்கும் அதிகாரத்தை நாங்கள் கொடுக்கவே இல்லை, அப்புறம் பத்திரிகைச் சுதந்திரம் என்று எதற்குத் தனியாக எழுத வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? புரூட்டஸ் என்ற புனைபெயரில் நியூயார்க்கில் எழுதிய ஒருவர் (யார் என்று இன்றைக்கும் உறுதியாகவில்லை) இதை இரண்டே வரியில் உடைத்தார். சாசனத்துக்குள்ளேயே ஆட்கொணர்வு மனு உரிமையைக் காரணமில்லாமல் நிறுத்தக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள், பின்தேதியிட்டுத் தண்டிக்கும் சட்டம் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காத அதிகாரம் கிடையாது என்றால் இவற்றை மட்டும் ஏன் எழுதினீர்கள்? இதற்கு ஹாமில்டன் 84ஆம் கட்டுரையில் எவ்வளவோ முயன்றும் திருப்தியான பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது பயம் ஆழமானது, யார் போய் அங்கே உட்காருவார்கள் என்பது. முதல் கீழவைக்கு மொத்தம் 65 பேர். அவ்வளவு பெரிய நாட்டுக்கு 65 பேர் என்றால் தொகுதி ஒவ்வொன்றும் அகலமாக இருக்கும், ஊர் பேர் தெரிந்த பணக்காரன், வக்கீல் மட்டும்தான் ஜெயிப்பான், சொந்தமாக உழுது சாப்பிடுகிறவன் ஜெயிக்க மாட்டான். நியூயார்க் மாநாட்டில் மெலங்டன் ஸ்மித் இதைத்தான் நாள் கணக்கில் பேசினார்.

மாசசூசெட்ஸ் மாநாட்டில் இது மேடையிலேயே வெடித்தது. 1788 ஜனவரி. ஆமோஸ் சிங்கிள்டரி என்ற வயதான கிராமத்து மனிதர், பள்ளிக்கூடமே போகாதவர் என்று சொல்வார்கள், எழுந்து பேசுகிறார். இந்த வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் இவ்வளவு நயமாகப் பேசி எங்களை விழுங்க வைக்கப் பார்க்கிறார்கள், அதிகாரமும் பணமும் கைக்கு வந்ததும் எங்களைப் போன்ற சின்ன மனிதர்களை முழுசாக விழுங்கிவிடுவார்கள் என்கிறார். அதற்குப் பதில் சொன்னது ஹார்வர்டு படித்த வக்கீல் இல்லை. ஜொனத்தன் ஸ்மித் என்று இன்னொரு விவசாயி, ஷேஸ் கலவரம் நடந்த மேற்குப் பகுதியிலிருந்து வந்தவர். நான் ஏர் பிடித்துப் பிழைக்கிற சாதாரண ஆள், பொதுவில் பேசிப் பழக்கமில்லை, ஆனால் அரசாங்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன், நெஞ்சில் துப்பாக்கி வைத்த நாட்களைப் பார்த்தவன், அதனால் இந்தச் சாசனத்தைக் கையில் எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன், நோய்க்கு மருந்து இதில் இருக்கிறது என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் அனுபவத்திலிருந்து வந்த உண்மை. பாடப்புத்தகத்தில் ஹாமில்டன் கட்டுரைக்குப் பக்கத்தில் இந்த இரண்டு பேச்சையும் போட வேண்டும் என்பேன்.

மாநாடு தொடங்கியபோது எதிர்ப்பாளர்கள்தான் அதிகம். கவர்னர் ஜான் ஹான்காக் கீல்வாதம் என்று சொல்லி வீட்டிலேயே இருந்தார், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதே பேச்சு. ஜனவரி 31 அன்று வந்து ஒரு யோசனை சொன்னார்: சாசனத்தை அப்படியே ஏற்போம், கூடவே ஒன்பது திருத்தங்களைப் பரிந்துரையாக அனுப்புவோம். அதுவரை எதிர்ப்பாளர்கள் கேட்டது முதலில் திருத்து, அப்புறம் ஏற்கிறோம் என்று. இது முதலில் ஏற்றுக்கொள், அப்புறம் திருத்துகிறோம். சந்தேகத்தில் இருந்த சாமுவேல் ஆடம்ஸ் இந்தப் பக்கம் வந்தார். பிப்ரவரி 6 அன்று 187க்கு 168. பத்துப் பேர் மாற்றிப் போட்டிருந்தால் தோற்றிருக்கும். அதன் பிறகு வந்த மாநிலங்களில் மேரிலாந்து தவிர எல்லோரும் இதே வழியில் திருத்தப் பட்டியலோடுதான் சம்மதித்தார்கள்.

என் அபிப்பிராயம், இந்தச் சாசனம் பிழைத்தது ஃபெடரலிஸ்டுகளின் கட்டுரைகளால் அல்ல. எதிர்த்தவர்களுக்கு அந்த பிப்ரவரியில் ஒரு வாக்குறுதி கொடுத்ததால்தான் பிழைத்தது.

நதிமூலம்:

சுதந்திரம், உரிமை என்று இரண்டு பக்கமும் பேசியதை எல்லோரும் எழுதிவிட்டீர்கள். அந்த நாட்டில் அப்போது லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இருந்தார்கள், இந்தப் பத்து மாத விவாதத்தில் அவர்களுக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. பெண்களுக்கும் பெரும்பாலும் இல்லை, ஆனாலும் மெர்சி ஓடிஸ் வாரன் புனைபெயரில் சாசனத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் எழுதினார் என்பதை மாணவி குறித்துக்கொள்ளலாம், 1788இல் வந்தது.

பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ண வேண்டும், அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக்கூடாது, தப்பி ஓடியவர்களைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும், இந்த மூன்றும் சாசனத்துக்குள்ளேயே இருந்தது. தென் கரோலினாவில் சார்லஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி இதைக் காட்டித்தான் ஆதரவு கேட்டார், இருபது வருடத்துக்குத் தடையில்லாமல் அடிமைகளை இறக்குமதி செய்ய வழி செய்துவிட்டோம் என்று. அதே மாநிலத்தில் ராலின்ஸ் லௌண்டஸ் எதிர்த்தார். ஏன் என்று பார்த்தால், அந்த இருபது வருடக் கெடுவே தப்பு, வடக்கத்தியர்கள் நம் கையில் இருப்பதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய கோபம். வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி, சுதந்திரத்தைப் பற்றி அவரைப் போல் யாரும் பேசியதில்லை என்பார்கள், ஜூன் 24 அன்று எழுந்து காங்கிரஸ் ஒரு நாள் எல்லா அடிமைகளையும் விடுதலை செய்துவிடும் என்று பயமுறுத்தினார். மேசன் அடிமை வியாபாரத்தைக் கடுமையாகக் கண்டித்தார், அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள்.

இதை நேருக்கு நேர் சொன்ன ஒரு குரல் மாசசூசெட்ஸ் மாநாட்டில் உண்டு. சாமுவேல் தாம்சன், எதிர்ப்பாளர். வாஷிங்டன் பெயரைச் சொன்னால் எல்லோரும் எழுந்து நிற்கிற காலத்தில், தன்னைப் போலவே சுதந்திரத்துக்கு உரிமை உள்ளவர்களை அவர் அடிமையாக வைத்திருக்கிறாரே என்று அவையில் பேசினார். எனவே "எதிர்த்தவர்கள் சொன்னது நியாயமா" என்று மொத்தமாகக் கேட்காதே அம்மா. எதிர்த்தவர்கள் ஒரே கட்சி இல்லை. லௌண்டஸும் தாம்சனும் ஒரே பக்கம் நின்றார்கள், ஒருவர் அடிமைகளை இழந்துவிடுவோம் என்று, இன்னொருவர் அடிமைத்தனத்தோடு சமரசம் என்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

அரசறிவியல் மாணவி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நதிமூலம் அவர்கள் சொன்னதைக் கண்டிப்பாகப் பிரித்தே எழுதுவேன்.

கழனிக்காடு அண்ணா, ஒரு சந்தேகம். பரிந்துரை என்றால் கட்டாயம் இல்லையே. 9 மாநிலம் வந்து அரசாங்கம் அமைந்தாயிற்று, ஃபெடரலிஸ்டுகளுக்கு முதல் காங்கிரஸில் பெரும்பான்மை. அப்படியே விட்டிருக்கலாமே? பட்டியல் தேவையே இல்லை என்று சொன்ன மேடிசன்தான் பிறகு அதைக் கொண்டுவந்தார் என்று படித்தேன், அவர் ஏன் மாறினார்?

கழனிக்காடு:

சரியான இடத்தில் கேட்கிறாய் தங்கச்சி. பலர் அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தார்கள்.

மூன்று நெருக்கடிகள் சேர்ந்து வந்தன. 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் 57க்கு 47 என்று ஏற்றதும் ஒன்பதாவது மாநிலம் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் இல்லாமல் அந்த நாட்டை வரைபடத்தில் பார், நடுவில் இரண்டு பெரிய ஓட்டை. வர்ஜீனியா ரிச்மண்டில் மூன்று வாரம் மல்லுக்கட்டியது. ஒரு பக்கம் ஹென்றி, மணிக்கணக்கில் பேசுவார், மாநிலங்கள் என்று எழுதாமல் "நாங்கள் மக்கள்" என்று எழுத இவர்களுக்கு என்ன உரிமை என்று முதல் வரியிலேயே பிடித்தார். இந்தப் பக்கம் மேடிசன், குரல் சன்னம், குறிப்பெடுக்கிறவர்களுக்கே பல இடத்தில் கேட்கவில்லை. கையெழுத்துப் போட மறுத்த ராண்டால்ஃப் இங்கே கட்சி மாறி ஆதரித்தார், எட்டு மாநிலம் ஏற்ற பிறகு இனி வெளியே நின்றால் ஒன்றியம் உடையும் என்பது அவர் சொன்ன காரணம். 89க்கு 79 என்று வந்தபோதும் கூடவே இருபது உரிமைகளும் இருபது திருத்தங்களும் அனுப்பினார்கள். நியூயார்க் பொகீப்ஸி மாநாட்டில் எதிர்ப்பாளர்கள் 46, ஆதரவாளர்கள் 19. வர்ஜீனியா செய்தி வந்த பிறகு, நியூயார்க் நகரமே மாநிலத்தை விட்டுப் பிரிந்துபோய்ச் சேர்ந்துவிடும் என்ற மிரட்டலும் வந்த பிறகு, மெலங்டன் ஸ்மித் போன்றவர்கள் இறங்கி வந்தார்கள். ஆனால் சும்மா வரவில்லை. இரண்டாவது அரசியலமைப்பு மாநாடு ஒன்று கூட்ட வேண்டும் என்று எல்லா மாநிலத்துக்கும் சுற்றறிக்கை விட்டார்கள். மேடிசனுக்கு உண்மையான பயம் அதுதான். இரண்டாவது மாநாடு கூடினால் வரி அதிகாரம் உட்பட எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, அவருடைய சொந்தத் தேர்தல். வர்ஜீனியா சட்டமன்றம் ஹென்றியின் கையில் இருந்தது. செனட்டுக்கு மேடிசனைத் தேர்ந்தெடுக்க விடவில்லை. கீழவைக்கு நிற்கிறேன் என்றதும், எதிர்ப்பாளர்கள் அதிகம் இருக்கிற கவுண்டிகளோடு அவர் தொகுதியைச் சேர்த்து வரைந்து, எதிரே ஜேம்ஸ் மன்றோவை நிறுத்தினார்கள். அந்தத் தொகுதியில் பாப்டிஸ்டுகள் நிறைய. வர்ஜீனியாவில் அரசு அங்கீகரித்த ஒரே கிறிஸ்தவ சபை என்ன சொல்கிறதோ அதுவே சட்டமாக இருந்த காலத்தில், லைசென்ஸ் இல்லாமல் பிரசங்கம் செய்தார்கள் என்று ஜெயிலுக்குப் போன பாதிரிமார்கள் அவர்களில் உண்டு, அதுவும் பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால்தான். மனசாட்சிச் சுதந்திரம் எங்கே எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்டால் வில்சனின் தர்க்கம் செல்லுமா? மேடிசன் 1789 ஜனவரியில் ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்ட் போதகருக்குக் கடிதம் எழுதி, முதல் காங்கிரஸே திருத்தங்களைக் கொண்டுவர வேண்டும், மனசாட்சி உரிமை அதில் முதலில் என்று வாக்குக் கொடுத்தார். அவரும் மன்றோவும் ஒன்றாகவே ஊர் ஊராகப் போய் விவாதித்தார்கள். ஒரு லூத்தரன் தேவாலயத்துக்கு வெளியே பனியில் நின்று பேசிவிட்டு இரவில் குதிரையில் திரும்பும்போது குளிரில் மேடிசனுக்கு மூக்கு விறைத்துப் புண்ணாகி, தழும்பு கடைசி வரை இருந்தது. பிப்ரவரி 2 அன்று 1,308க்கு 972 ஓட்டில் ஜெயித்தார்.

மூன்றாவது, பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் அங்கிருந்து மேடிசனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். எந்த அரசாங்கத்துக்கு எதிராகவும் மக்களுக்கு உரிமைப் பட்டியல் ஒன்று உண்டு, நியாயமான எந்த அரசும் அதை மறுக்கக்கூடாது என்று 1787 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். மேடிசன் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கினார் என்பது கடிதங்களில் தெரிகிறது.

1789 ஜூன் 8 அன்று அவையில் எழுந்து திருத்தங்களை வைத்தபோது, சொந்தக் கட்சிக்காரர்களே இப்போது இதற்கு என்ன அவசரம், சுங்க வரி வேலை இருக்கிறது என்றார்கள். விடாமல் பிடித்துக்கொண்டு நிறைவேற்றினார். அதற்காக நான் மேடிசனை மதிக்கிறேன். வாக்குக் கொடுத்தார், பெரும்பான்மை இருந்தும் ஏமாற்றவில்லை.

பழைய ஏடு:

கழனிக்காடு தம்பி, அதோடு எதிர்த்தவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்று மாணவி எழுதிவிடக்கூடாது. அவர்கள் கேட்டதில் பாதிதான் வந்தது. பேச்சு, பத்திரிகை, மதம், ஜூரி, வீட்டைச் சோதனை போட வாரண்ட், இதெல்லாம் வந்தது. நேரடி வரிக்குக் கட்டுப்பாடு, மத்திய நீதிமன்றங்களின் எல்லையைக் குறைப்பது, சமாதான காலத்தில் நிலையான ராணுவம் கூடாது, இந்த மாதிரி அதிகாரத்தின் கட்டமைப்பைத் தொடுகிற பெரும்பாலானவற்றை மேடிசன் உள்ளே விடவில்லை, வேண்டுமென்றே விடவில்லை. கீழவையின் எண்ணிக்கை பற்றி உள்ளே விட்டதும் கரைசேரவில்லை. ஹென்றி கடைசி வரை இந்தத் திருத்தங்களில் திருப்தி அடையாததற்குக் காரணம் அதுதான். சிங்கிள்டரியின் பயம் உரிமைப் பட்டியலால் தீருகிற பயம் இல்லையே.

இன்னொன்று. மாநில அரசுகளும் மனசாட்சி, பத்திரிகை, ஜூரி உரிமைகளை மீறக்கூடாது என்று மேடிசன் ஒரு வரி வைத்திருந்தார், பட்டியலிலேயே மிக முக்கியமானது இதுதான் என்றார். கீழவை ஏற்றது, செனட் வெட்டிவிட்டது. 1868இல் பதினான்காவது திருத்தம் வந்து, அதன் பிறகும் பல பத்தாண்டு வழக்குகள் நடந்துதான் அந்த இடம் நிரம்பியது. எதிர்த்தவர்கள் மத்திய அரசைப் பார்த்து மட்டும் பயந்தார்கள், மாநிலமும் நசுக்கும் என்பதை அவர்கள் பார்க்கவில்லை, நதிமூலம் சொன்ன ஜனங்களுக்கு அது ரத்தக் கணக்கு.

கட்டுரைக்கு ஒரு வழி சொல்கிறேன். பென்சில்வேனியாவில் 46க்கு 23 என்று தோற்ற சிறுபான்மையில் 21 பேர் கையெழுத்திட்டு 1787 டிசம்பர் 18 அன்று ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். பெரும்பான்மை அதை மாநாட்டுக் குறிப்பில் சேர்க்கக்கூட விடவில்லை, அதனால் பத்திரிகையில் போட்டார்கள். அதில் 14 கோரிக்கைகள். பொதுநிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமை வேண்டும் என்பதுகூட இருக்கும், பிரபுக்களின் காட்டில் முயல் பிடித்தால் தண்டனை என்ற ஊரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் கேட்டது அது. அந்த 14ஐ ஒரு பக்கமும், 1791 டிசம்பர் 15 அன்று அமலுக்கு வந்த பத்துத் திருத்தங்களை இன்னொரு பக்கமும் எழுதி, எது வந்தது, எது விடுபட்டது என்று நீயே கோடு போட்டுப் பார். அறிக்கை இணையத்தில் முழுசாகக் கிடைக்கும், ஆங்கிலம் கொஞ்சம் பழையது, பொறுமையாகப் படித்தால் புரியும்.

அரசறிவியல் மாணவி:

இன்றைக்கே எடுத்துவிட்டேன் ஐயா. காங்கிரஸ் அனுப்பியது 12 திருத்தம், ஏற்கப்பட்டது 10 என்று பார்த்தேன். மீதி இரண்டில் ஒன்று கீழவையின் எண்ணிக்கை பற்றியது, அது இன்றுவரை நிறைவேறவில்லை. உறுப்பினர்களின் சம்பளம் பற்றிய இன்னொன்று 1992இல் தான் நிறைவேறியிருக்கிறது. மெலங்டன் ஸ்மித் நாள் கணக்கில் பேசிய விஷயம்தானே அந்த முதலாவது? கட்டுரையை அதிலிருந்து தொடங்கப் போகிறேன். எழுதி முடித்ததும் இங்கேயே போடுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.